காத்தாயி கொண்டுவந்த தண்ணீர்

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், சித்திரை வெயிலில், கல்லங்குறிச்சிக்குக் கிழக்கே கரம்பு நிலத்தை உழுதுகொண்டிருந்த டிராக்டர் நின்றுவிட்டது. பட்டாளத்தார் கழித்துப் போட்டதை நிலத்துக்காரர் சிங்காரவேலு ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் மூட்டில் விட்டுப்போய், ஆவியும் கொதிநீரும் சீறின.

ஓட்டியவன் வரதராசன்பேட்டை தேவசகாயம். சூடு ஆறாமல் அதில் கை வைக்கக்கூடாதென்று இறங்கித் தள்ளி நின்றான்.

வரப்பை அடுத்த கூரை வீட்டிலிருந்து காத்தாயி குடத்தோடு ஓடி வந்தாள். அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே அவள் மகள் புஷ்பவல்லிக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட வீட்டில் யாரும் தாளிக்கமாட்டார்கள். எண்ணெய் சீறும் சத்தமே அம்மனுக்கு ஆகாது. இப்போது வாசலுக்கு எதிரே ஒரு இரும்பு வண்டியே சீறிக்கொண்டிருந்தது.

"தள்ளு அண்ணே. ஊத்தி அணைச்சிடறேன்."

மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீர். கொதிக்கும் இரும்பில் விழுந்தால் இன்ஜின் கீறல் விட்டுவிடும். தேவசகாயம் குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டான்.

"ஊத்தாத தாயி. இரும்பு பொளந்துடும்."

"எம்புள்ள போனா பரவால்லியா? இது சீறச் சீற அவ ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது."

சிங்காரவேலு குடையை மடக்கிக்கொண்டு வந்தார். "யோவ், இன்ஜின் கீறல் விட்டுச்சுன்னா ஒன்னைத்தான் ஏர்ல பூட்டி உழணும்" என்றார். ஆனால் அவரும் குடத்தைத் தொடவில்லை. அம்மனுக்கு எடுத்த தண்ணீரைத் தடுத்தார் என்ற பேர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

கூரைக்குள்ளிருந்து முனகல் கேட்டது. சிலுவை போட்டுக்கொள்கிற தேவசகாயமும் குடத்தின் வாயிலிருந்து கையை எடுத்தான்.

"வெளியில ஊத்தினாத்தான் கேடு. உள்ள ஊத்தலாம், இது தண்ணி குடிக்கிற வண்டிதான். சீறல் அடங்கட்டும். ஓட்டையை அடைச்சிட்டுச் சொல்றேன்."

அவள் குடத்தைக் கீழே வைக்காமல் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

ஆவி அடங்கியதும் அவன் இறுக்குப் பட்டையைத் தளர்த்திக் குழாயை உருவினான். வெடித்திருந்த நுனியைக் கத்தியால் அறுத்துவிட்டு மறுபடி ஏற்றினான். பட்டையின் திருகாணி தேய்ந்து போயிருந்தது. மேலே கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கினான். ரப்பர் உள்ளே மக்கியிருப்பது விரலுக்குத் தெரிந்தது. அதை அவன் சொல்லவில்லை.

இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயில் துண்டை விரித்தான். அவள் குடத்தைச் சாய்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உள்ளே விட்டான். வேப்பிலை துண்டில் தங்கியது. காத்தாயி குனிந்து குழாய் மூட்டைப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"இனிமே ஒழுகாதுல்ல?"

"ஒழுகாது."

"அப்ப எம்புள்ளைக்கும் எறங்கிடும்."

சொன்னவள் வீட்டுக்குப் போகவில்லை. டிராக்டர் நகர்ந்ததும், புரண்ட மண்கட்டிகளில் வெறுங்காலோடு கூடவே நடந்தாள். அவள் கண் குழாய் மூட்டிலிருந்து விலகவில்லை. சக்கரம் கட்டியில் ஏறி இறங்கும்போதெல்லாம் தேவசகாயம் கம்பிச் சுற்றைக் குனிந்து பார்த்தான். இதுவரை இன்ஜினுக்காகப் பயந்திருந்தான்; இப்போது அந்தப் பிள்ளைக்காக.

திரும்பி வருகையில் கம்பிக்கு அடியில் ஒரு சொட்டு மின்னியது. அவள் இன்னும் பார்க்கவில்லை.

"தாயி, வூட்டுல புள்ள கூப்பிடுது பாரு" என்றான்.

அவள் ஓடினாள். அவள் தலை வாசலுக்குள் குனிந்து மறைந்த பிறகே இன்ஜினை நிறுத்தினான். கரம்பு அமைதியானது. வீட்டுக்குள் முனகல் கேட்கவில்லை.

தண்ணீர் சொட்டச் சொட்ட, அவன் குழாயைப் பார்க்காமல் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.