இருவர் சாப்பிட்ட மாத்திரை

தராவா தீவில், பெசோ ஊர்க் காசநோய் கிளினிக்கில், நர்ஸ் ரகேராவுக்கு அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. நோயாளிகளால் அல்ல, விருந்தாளிகளால். துவாலு, மார்ஷல், சாலமன் என்று பக்கத்துத் தீவுகளிலிருந்தெல்லாம் நர்சுகளும் டாக்டர்களும் வந்து இறங்கியிருந்தார்கள். நோயை விரட்ட அவரவர் ஊரில் எந்த வழி பலித்ததோ, அதை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கூட்டம்.

பெசோவின் சார்பில் பேச வேண்டியவள் ரகேரா. மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடுவது, வீட்டு ஆள் ஒருவர் பார்த்திருக்க நோயாளி அதை விழுங்குவது என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் அவள்தான். கிளினிக்குக்குத் தினமும் வெயிலில் நடக்க முடியாமல் பாதியில் விட்டவர்களெல்லாம் அதன்பிறகு மருந்தை ஒழுங்காக முடித்தார்கள். முடித்தவர்களில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி தமுவேரா. கூட்டத்தில் அவனை எழுப்பி நிறுத்தி எல்லோருக்கும் காட்டுவது என்று மேலதிகாரி பரானே முடிவு செய்திருந்தார்.

ஆனால் தமுவேரா மறுபடி இருமத் தொடங்கியிருந்தான். புகை ஒத்துக்கொள்ளவில்லை, தூசி என்று என்னென்னவோ சாக்குச் சொன்னான். அவள் விடாமல் பிடித்து இழுத்துப் போய்ச் சளி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் முடிவு வந்தது. நோய் திரும்பியிருந்தது. அதுவும், பழைய மாத்திரை எதற்கும் அடங்காத நோயாகத் திரும்பியிருந்தது.

போட்டிருந்த சீருடையோடு தம்பி வீட்டுக்குப் போனாள். காயலை ஒட்டிய வீடு. அவன் மனைவி மேரே மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். தமுவேரா தென்னையடியில் உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் மரத்தில் ஏறிப் பாட்டுப் பாடிக்கொண்டே பதநீர் இறக்குகிறவன், இப்போது மரத்தடியோடு சரி.

"மேரே, என் முகத்தப் பாத்துச் சொல்லு. இவன் மாத்திரை முழுங்கும்போது நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்க்கா. தினமும் பாத்தேன். பிள்ளைங்க மேல சத்தியமா."

"அப்பறம் எப்படி வரும்? வானத்துலருந்து குதிச்சுதா?"

மேரே புருஷனைப் பார்த்தாள். தமுவேரா சிரித்தான். அந்தச் சிரிப்பே இருமலில் போய் முடிந்தது.

"அவளத் திட்டாதக்கா. அவ பாத்தது நெசந்தான். நாலுல ரெண்டு முழுங்குவேன். அதப் பாத்தா."

"மீதி ரெண்டு?"

"தெகாய் கேட்டான்."

தெகாய் அவர்களுடைய பெரியம்மா மகன். வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போகக் காத்திருந்தான். அவனுக்கும் இருமல். கிளினிக்குக்கு வந்தால் பெயர் பதிவாகிவிடும், கப்பல்காரன் சேர்க்க மாட்டான். அதனால் ஒரு நாள் சாயங்காலம் வந்து, தமுவேராவின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் மாத்திரையில் பாதி எனக்கு வேண்டும் என்று புபுசி கேட்டிருக்கிறான். புபுசி என்று சொந்தக்காரன் ஒருவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அந்த மண்ணில் மறுபேச்சு கிடையாது. சட்டையைக் கேட்டால் சட்டை, பன்றியைக் கேட்டால் பன்றி. இல்லை என்று சொன்னவன் வெட்கக்கேட்டில் தலைகாட்ட முடியாது.

"அறிவிருக்காடா உனக்கு? மீனக் கேட்டா குடு, சைக்கிளக் கேட்டா குடு. மாத்திரையவா குடுப்ப?"

"என்ன கேக்குறான்னு பாத்துக் குடுத்தா அதுக்குப் பேரு புபுசியா? போன வருஷம் உன் தையல் மெஷின அத்த கேட்டப்ப நீ தூக்கிக் குடுக்கல? ராத்திரியெல்லாம் அழுதுட்டு, காலைல சிரிச்சிக்கிட்டே குடுத்த."

"அது மெஷின்டா பாவி. இது உசுரு. பாதிப் பாதி தின்னா ரெண்டு பேருக்கும் நோய் சாகாது. மருந்துக்குப் பழகிக்கிட்டு முன்னவிட மொரட்டுத்தனமா வரும்."

"இத நீ அன்னிக்குச் சொல்லலியே. மறக்காம முழுங்குன்னுதான் சொன்ன. யாருக்கும் குடுக்காதன்னு சொல்லல."

சொல்லவில்லைதான். சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தே பழகியவள், மாத்திரையை நேராகச் சொந்தக்காரர்களின் கைக்கு எட்டும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தாள். அயலூர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் கூட்டம். விருந்தாளிகள் தலையில் பூமாலை சூடி, ஊர் மண்டபத்தில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பரானே அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி விஷயத்த அப்பறம் பாத்துக்கலாம். இன்னிக்கு நல்லத மட்டும் சொல்லும்மா. வந்தவங்க முன்னால நம்ம மானத்த வாங்கிடாத."

அவள் தலையை ஆட்டிவிட்டு மைக்கைப் பிடித்தாள். பிடித்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தம்பி, தெகாய், நாலில் இரண்டு, எதையும் விடவில்லை. "நான் காட்டின வழிய யாரும் உங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. எனக்கு இப்ப ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். மாட்டேன்னு சொல்ல நாம பழகணும். சொந்தக்காரன் கேட்டாலும், பெத்தவ கேட்டாலும், மாட்டேன். மருந்து விஷயத்துல மட்டுமாவது."

பரானே பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் துவாலுவிலிருந்து வந்த பருத்த நர்சம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊர்லயும் இதே கூத்துதான் ஆத்தா. வாயத் தெறந்து சொன்னது நீ ஒருத்திதான்" என்றாள். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். மாட்டேன் என்பதை யார் யாருக்குப் பழக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. சீமைப்பலாக்காயும் மீனும் சோறும் வந்தன, ஆட்டமும் நடந்தது.

தெகாயையும் பிடித்துவந்து சோதித்தார்கள். அவனுக்கும் அதே நோய். கப்பல் கனவெல்லாம் அத்தோடு போயிற்று. புதிய மாத்திரை கடல் கடந்து விமானத்தில்தான் வர வேண்டும். முதலில் வந்தது தமுவேராவின் பெயருக்கு ஒரு ஆளுக்கான மருந்து. தெகாயுடையது அடுத்த சரக்கில் என்றார்கள். அடுத்த சரக்கு எப்போது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இந்த முறை ரகேரா யாரையும் நம்பவில்லை. மாத்திரையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, காலையில் தானே போய் விழுங்க வைத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். "போலீஸ்காரி வந்துட்டா" என்று தமுவேரா கேலி செய்வான். கொஞ்சம் பசி எடுக்கிறது என்றும் சொன்னான். அன்று அவள் கிளினிக்குக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் பெரியம்மா எரிதா கிளினிக்குக்கு வந்தாள். தெகாயின் தாய். அம்மா செத்த பிறகு ரகேராவுக்கும் தமுவேராவுக்கும் சோறு போட்டு வளர்த்தவள். பெஞ்சில் உட்காராமல் ரகேராவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"எந்திரிங்க பெரியம்மா. என்ன இது?"

"எந்திரிக்கிறேன். ஒண்ணு கேக்க வந்தேன். தெகாய்க்கு நேத்துலருந்து ரத்தமா வருது. தமுவேராவோடதுல பாதி குடு. அவன் மருந்து வந்ததும் திருப்பித் தந்துடறேன். புபுசி கேக்குறேன்டி மகளே."

"பாதி குடுத்தா ரெண்டு பேரும் போயிருவாங்க பெரியம்மா."

"அப்ப ஒருத்தன் மட்டும் போகட்டும்கிறியா? அது எம்புள்ளையா?"

ரகேரா மாட்டேன் என்றாள். பிறந்ததிலிருந்து புபுசிக்கு அவள் சொன்ன முதல் மாட்டேன். பெரியம்மா திட்டவில்லை, சாபம் விடவில்லை. கையை ஊன்றி எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தமுவேரா வாயைத் திறக்கவில்லை.

"பெரியம்மா வந்து போனாங்களாமே. இல்லன்னுட்டியாமே."

"ஆமா. முழுங்கு."

"அவன் அங்க ரத்தம் கக்குறான். நான் இங்க முழு மாத்திரை முழுங்கணுமா? எப்படிக்கா எறங்கும்?"

கெஞ்சினாள், அதட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மணலில் அவன் முன்னால் மண்டியிட்டாள். "சரிடா. நானும் கேக்குறேன். புபுசி. நீ இத முழுங்கறத எனக்குக் குடு."

அவன் அவளை வெறுப்போடு பார்த்தான். அதற்கு முன் அவன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கையை நீட்டி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டான். கண்ணில் நீர் வழிய வழிய விழுங்கினான். அதன்பிறகு தினமும் அவள் மண்டியிட்டுக் கேட்டாள், அவன் பேசாமல் விழுங்கினான். கேலியும் நின்றுபோயிற்று. எப்படியோ உள்ளே போனால் போதும், பிழைத்த பிறகு திட்டிக்கொள்ளட்டும் என்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

சரக்கு வருவதற்குள் தெகாய் செத்துப்போனான்.

சாவு வீட்டில் ரகேரா ஓரமாக நின்றாள். பெரியம்மா அவளைப் பார்த்ததும் பாயை விரித்து உட்கார வைத்தாள். தட்டில் சோறு போட்டு, மீனின் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்து, "சாப்பிடு, வேலைக்குப் போறவ" என்றாள். அறைந்திருந்தால்கூட ரகேரா தாங்கியிருப்பாள். தமுவேரா தெகாயின் கால்மாட்டில் உட்கார்ந்து, அடக்கத்துக்குத் தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலை வழக்கம்போலப் போனாள். மேரே தண்ணீர்க் குவளையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ரகேரா மண்டியிட்டாள்.

"கேக்குறேன்டா தம்பி."

"மாட்டேன்."

குரலில் கோபமே இல்லை. அவன் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"புபுசிடா. உன் அக்கா கேக்குறேன்."

"காதுல விழுந்துச்சு. மாட்டேன். சொந்தக்காரங்க கேட்டாலும் அப்படிச் சொல்லலாம்னு நீதானக்கா மைக்குல சொன்ன."

சின்ன வயதில் விளக்கெண்ணெய் புகட்டுவதற்குச் செய்ததுபோல அவன் தாடையை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். அவன் அவள் கையைத் தள்ளவில்லை. பல்லைக் கடித்தபடி, அவள் களைத்து விடும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தான். மேரே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரகேராவின் உள்ளங்கை வியர்வையில் மாத்திரைகள் கரைந்து ஒட்டத் தொடங்கின. மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அவள் சொன்ன அந்த ஒரே நல்ல வழியைப் பிடித்துக்கொண்டவன், தெரிந்தவரையில், அவன் ஒருவன்தான்.