தேவிகாபுரத்தில் ஏறுபவர்

மாமனாரின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள் தீபா. அப்போதுதான் டூரிஸ்ட் பஸ் வாசலில் வந்து நின்று, செத்தவர்கூட எழுந்து உட்காரும்படி ஹாரன் அடித்தது.

சிவப்பிரகாசம் எழுந்திருக்கவில்லை.

நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். ஆரணிப் பட்டு நெசவாளர்களை வருஷா வருஷம் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறவர் அவர். அவர் போடும் திட்டத்தில் சூரியனே கொஞ்சம் முன்கூட்டி உதித்தால்தான் கட்டுப்படியாகும். காலைப் பலகாரத்துக்குள் ஏழு கோயில் முடிந்திருக்கும். சாமிக்குக் கால் மணி நேரம், வழியிலுள்ள பட்டுக்கடைக்கு ஒரு மணி நேரம். மொத்த பஸ்ஸும் கடைக்குள் புகுந்து, சேலைக் கரையை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது எங்க ஊரு சேலைதான். விலைதான் எங்க ஊருது இல்ல" என்று கடைக்காரருக்குக் காய்ச்சல் வரவழைத்துவிட்டு, ஒரு கர்ச்சீப்கூட வாங்காமல் வெளியேறும்.

திட்டத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது தீபாவின் வேலை. ஒருத்தரும் முழுசாகப் படிப்பதில்லை என்று போன வருஷம் சிவப்பிரகாசம் ஒரு பரீட்சை வைத்தார். "சிவப்பிரகாசம் காலமானார்" என்று ஆரம்பித்து, "சும்மா சொன்னேன். வண்டி நாலரைக்கு" என்று முடித்தார். முதல் வரியோடு நிறுத்திக்கொண்ட தமிழ்வாணன் ஆளுயர ரோஜா மாலையோடு வந்து நின்றார். சிவப்பிரகாசம் அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கன்னியாகுமரி வரைக்கும் போய்வந்தார்.

அதனால், "மாமா இறந்துட்டாங்க, டூர் கிடையாது" என்று ராத்திரி தீபா போட்டதும் குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. "இந்த வாட்டி மாலை கிடையாது தலைவா" என்று ஜெயவேல் எழுதியிருந்தார்.

அதே ஜெயவேல்தான் இப்போது ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் புளியோதரைத் தூக்குமாக முதலில் இறங்கி வீட்டுப் படியேறினார்.

"இன்னாம்மா தீபா, நம்மள எழுப்பிட்டு ஐயா இன்னும் தூங்கிகினு கீறாரா?"

தீபா வழிவிட்டு நின்றாள்.

தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெயவேல் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியைக் கீழே வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"நான் சிரிச்சி வேற அனுப்புனேனேம்மா," என்றார் ஜெயவேல்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. ஊருக்கே போதுமான புளியோதரை வராந்தாவில் வரிசை கட்டி நின்றது. அதைப் பார்த்ததும் மாமியார் அபிதகுசாம்பாளுக்கு அழுகை சட்டென்று நின்றது.

"ஐயோ, அவங்க அக்கா தேவிகாபுரத்துல நின்னுகினு இருப்பாங்களே."

விருத்தாம்பாள், தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். கையில் போன் கிடையாது. பஸ் அவரை வழியில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. போன மாசம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

"நீ போயி இட்டுகினு வா தீபா. உன் வூட்டுக்காரன் போனா மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிடுவாங்க. வழியில வாயத் தொறக்காத. இங்க வந்தா நாலு பேர் தாங்கிப் புடிக்கலாம். நடுரோட்டுல அவங்களுக்கும் ஒண்ணு ஆயிடுச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்."

டிரைவர் சின்னப்பையன் பஸ் முகப்பில் கட்டியிருந்த சாமந்திச் சரத்தை அவிழ்த்து உள்ளே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அத்தனை இருக்கைகளுக்கும் தீபா ஒருத்திதான். வழியில் வந்த ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொய்யைத் தயார் செய்து, அடுத்த ஊர் வருமுன் கைவிட்டாள். டயர் பஞ்சர், டிரைவருக்கு வயிற்றுப்போக்கு, கன்னியாகுமரியில் கடல் பொங்கிவிட்டது. தேவிகாபுரம் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

விருத்தாம்பாள் ஸ்டாப்பில் நின்றிருந்தார்.

"மணி இன்னா ஆவுது? ஊரையே ஜல்தி ஜல்தின்னு வெரட்டுவான், அவன் வண்டி மட்டும் அசைஞ்சிகினு வரும்." படியில் கால் வைத்தவர் உள்ளே பார்த்தார். "எங்கடி ஒருத்தரையும் காணோம்?"

"எல்லாரும் நம்ம வீட்ல கீறாங்க பெரியம்மா. ஒரு சின்ன மாத்தம். திரும்பிப் போயி ஏத்திகினு கிளம்பணும்."

"அவன்?"

"மாமாவும் வீட்லதான்."

அது பொய்யில்லை. அதனாலேயே சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. தீபா ஒரு பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். விருத்தாம்பாள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தார்.

சின்னப்பையன் முன்னும் பின்னுமாக ஒடித்து வண்டியைத் திருப்பினார். தேவிகாபுரத்துக் கோபுரம் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் போனது.

"அவன் போட்ட ரூட்டுல," என்றார் விருத்தாம்பாள் மெதுவாக, "வண்டி ஒரு நாளும் திரும்புனதில்லியே."

தீபா வெளியே கரும்பு வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவரும் உள்கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் விருத்தாம்பாள், அந்தக் காலி பஸ்ஸில், பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலோரமாக ஒடுங்கி, தம்பிக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.