ஓடாத இன்ஜின்

மெக்கானிக்கின் அத்தானுடைய கார் ஒர்க்‌ஷாப் குழியின் மேல் வந்து நின்று எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்ஜின் இல்லாத கார். இன்ஜினைக் கழற்றியவரும் மெக்கானிக்தான், பிளாக்கில் விரிசல், இனி உதவாது என்று சொன்னவரும் அவர்தான். அன்றைக்கே வண்டியைத் தெருவில் தள்ளியிருக்க வேண்டும். வேறு இன்ஜின் வரும்வரை இங்கேயே நிற்கட்டும் என்று அத்தான் சொன்னபோது, அக்கா வீட்டுக்காரர் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டார். அதைத்தான் இப்போது அனுபவிக்கிறார்.

ஒர்க்‌ஷாப்பில் இருப்பதே ஒரு குழி. வண்டிக்கு அடியில் என்ன வேலை என்றாலும் அதில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். எட்டு மாதமாக, ஆயில் மாற்ற வந்தவர்களைக்கூட அசட்டுச் சிரிப்போடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இன்று காலை பேக்கரிக்காரர் போன் செய்தார். அவருடைய ரொட்டி வேன்கள்தான் இந்த ஒர்க்‌ஷாப்புக்கே சோறு போடுகின்றன.

"சாயங்காலம் ஒரு வேன் வரும். குழி காலியா இருந்தா பாருங்க. இல்லேன்னா எல்லா வேனையும் வேற இடத்துல விட்டுடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம்.

வேறு இன்ஜின் கிடைக்கவில்லை என்றாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அதே பழைய மாடல் இன்ஜின் ஒன்று மெக்கானிக்கின் மனைவியுடைய அண்ணன் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது. வாங்க வேண்டியவர் அத்தான். விற்க வேண்டியவர் மச்சான். இரண்டு பேருக்கும் இவர் மாப்பிள்ளை. பத்து நிமிடம் பேசினால் முடிகிற காரியம். பேசினார்கள். அதுதான் வினையாகிவிட்டது.

மச்சான் போனில் பெருமையாகத்தான் சொன்னார்: "ஓடாத இன்ஜின்ங்க." அதிகம் ஓடித் தேயாதது என்று அர்த்தம். பழைய வண்டி விற்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அத்தான் முப்பது வருடம் இலக்கணம் நடத்திய வாத்தியார். "ஓடாத இன்ஜினுக்கு இரும்பு விலைதானே?" என்று கேட்டுவிட்டார். மச்சான் போனை வைத்துவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. 'மாப்பிள்ளை பார்த்து நியாயமா ஒரு விலை சொல்லட்டும்' என்று இருவரும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினார்கள். இவர் தலையில் கட்டுவதில் மட்டும் என்ன ஒற்றுமை!

இன்றே வந்தாக வேண்டும் என்று மெக்கானிக் இருவருக்கும் போன் செய்தார். மத்தியானம் மச்சான் லோடு வண்டியில் இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார். அத்தானும் வந்தார். ஒருவர் டயர் அடுக்கின் மேலும் இன்னொருவர் எதிர்மூலை ஸ்டூலிலும் முதுகு காட்டாத குறையாக உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை, அவர்கிட்ட சொல்லு" என்றார் மச்சான். "இந்த இன்ஜின் இருந்த வண்டி வாங்கின வருஷமே கவுந்துபோச்சு. அதுக்கப்புறம் இது ஓடவே இல்ல."

"அவரே ஒத்துக்கறார் பாரு" என்றார் அத்தான். "எதிர்மறைப் பெயரெச்சத்துக்குக் காலம் கிடையாது மாப்பிள்ளை. ஓடாதன்னா நேத்தும் ஓடல, இன்னிக்கும் ஓடல, நாளைக்கும் ஓடாது."

"அத்தான், கொஞ்சம் சும்மா இருங்க. மச்சான், நீங்களும்தான்."

மெக்கானிக் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டரின் உள்சுவரில், மேல் விளிம்புக்குக் கீழே, விரல் நகத்தை வைத்து இழுத்தார். நிறைய ஓடிய இன்ஜினில் அந்த இடத்தில் பிஸ்டன் தேய்த்துத் தேய்த்து ஒரு படி விழுந்திருக்கும், நகம் தட்டும். இதில் தட்டவில்லை. நான்கு சிலிண்டரிலும் நகம் வழுக்கிக்கொண்டு போனது. மச்சான் சொன்னது பொய் இல்லை.

அடுத்து, நீளப் பிடி போட்ட ஸ்பேனரை, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்கின் நட்டில் மாட்டித் தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தினார். அசையவில்லை. காலைத் தூக்கி ஏறியே நின்றார். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. எப்போதோ தண்ணீர் இறங்கி, இரண்டு பிஸ்டன் அடியில் துருப்பிடித்து இறுகியிருந்தன. அத்தான் சொன்னதும் பொய் இல்லை.

மெக்கானிக்குக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருவராவது தப்பாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

"ரெண்டு பேர் சொன்னதும் சரி. தேயாத இன்ஜின், ஆனா இறுகிப்போன இன்ஜின். பிஸ்டனை விடுவிக்கலாம், செலவு இருக்கு. மச்சான் கேக்கற எண்பதாயிரம் அதிகம். இரும்பு விலை அநியாயம். ஐம்பதாயிரம். அதான் நியாயம்."

"இரும்புன்னு சொன்னவருக்கு ஐம்பது லட்சத்துக்கும் குடுக்க மாட்டேன்" என்றார் மச்சான்.

"மூஞ்சில அடிச்ச மாதிரி போனை வச்சவர்கிட்ட சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டேன்" என்றார் அத்தான்.

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். வேன் எந்த நேரமும் வந்துவிடும்.

"சரி, நானே வாங்கிக்கறேன். மச்சான், ஐம்பது."

மச்சானின் முகம் சட்டென்று மாறியது. "உனக்குன்னா ஐம்பது எதுக்கு மாப்பிள்ளை? நாற்பத்தஞ்சு குடு, போதும்."

"அத்தான், இப்ப இது என் இன்ஜின். உங்களுக்கு என்ன விலைக்குத் தரட்டும்?"

"நீ ஐம்பதுன்னு சொன்னா ஐம்பது. மாப்பிள்ளைகிட்ட போய் நான் பேரம் பேசுவேனா?"

இதற்குத்தான் எட்டு மாதம். ஐயோ, இந்தப் பெரிய மனிதர்களை எதில் சேர்ப்பது? மிஞ்சிய ஐந்தாயிரத்தைக் குழி வாடகைக்குக் கழித்துக்கொண்டார் மெக்கானிக். அவருக்கு அதில் கூச்சமே இல்லை.

"இப்ப வண்டியைக் குழியிலேர்ந்து எடுக்கணும்."

"என்ன அவசரம்?" என்றார் அத்தான். "இன்ஜின்தான் கிடைச்சிருச்சே. வண்டி அங்கேயே நிக்கட்டும், நீ நிதானமா வேலையைப் பாரு."

"அதுவும் சரிதான்" என்றார் மச்சான், முதல்முறையாக அத்தான் முகத்தைப் பார்த்து. "அவசரப்பட்டா பிஸ்டன் உடைஞ்சிரும் மாப்பிள்ளை."

மெக்கானிக் ஸ்பேனரைத் தரையில் போட்டார். அந்தச் சத்தத்தில் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "இந்த ஒர்க்‌ஷாப்பை மூடிட்டா உங்க ரெண்டு பேர் வீட்டு வாசல்லயும் மாறி மாறி வந்து உட்காருவேன். தள்ளுங்க."

தள்ளினார்கள். அத்தான் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. நீங்க தள்ளவே இல்ல, சும்மா கை வச்சிருக்கீங்க என்று அவர், நீங்கதான் சாஞ்சுகிட்டு வர்றீங்க என்று இவர். கார் முனகிக்கொண்டே வாசலைத் தாண்டித் தெருவோரத்தில் போய் நின்றது. அது நின்ற ஐந்தாவது நிமிடம் ரொட்டி வேன் உள்ளே நுழைந்தது.

மெக்கானிக் குழிக்குள் இறங்கினார். தலைக்கு மேலே வேலை இருந்தது. பேக்கரிக்காரரின் வேலை, காசு தருகிற வேலை. கண் கலங்கியதை ஆயில் துணியாலேயே துடைத்துக்கொண்டார்.

வெளியே யாரோ வழிப்போக்கர் காரைச் சுற்றிவந்து விசாரிப்பது கேட்டது. பழைய மாடலாச்சே, வண்டி எப்படி என்று.

"அருமையான வண்டி" என்றார் அத்தான், குரலில் அவ்வளவு பெருமை. "ஓடாத வண்டிங்க."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் மச்சான்.

குழிக்குள் மெக்கானிக் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.