முன்னால் வந்த எதிரொலி

"நான் தும்முறதுக்கு முன்னாடியே என் தும்மலைக் கேட்டவன், பாய். ஒலகத்துல வேற எவனுக்கும் அந்தக் கொடுப்பினை இல்ல," என்றார் ராஜாராம்.

செங்கல்பட்டில் மேடையும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் பஷீருதீன், சுற்றிக்கொண்டிருந்த ஒயரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "போன வாரம் கழுகு வந்து உன் கைல நாஸ்தா துன்னுட்டுப் போச்சு. இந்த வாரம் தும்மலா அண்ணாத்த?"

தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற ராஜாராம், திருக்கழுக்குன்றத்து வீட்டில் ஊரார் கொடுக்கும் மின்சாதனங்களையெல்லாம் பிரித்து மேய்பவர். அவர் பத்து சொன்னால் ஒன்பதைக் கழித்துவிட்டு, மீதி ஒன்றையும் விசாரித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொள்ளை சந்தோஷம்.

அன்று அவர் கையில் இருந்தது ரிவெர்ப் பெடல். கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் சின்ன இரும்புப் பெட்டி. அதன் வழியே போகும் சத்தம், பெரிய மண்டபத்தில் எழுந்ததுபோல எதிரொலித்து மெல்ல அடங்கும். மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியில் பாடும் ஜோயலுடையது. உப்புக்காற்று தின்று, குமிழைத் திருகினால் கரகரத்தது; அணைத்த பிறகும் முனகியது. பழுது பார்க்கும் அவசரத்தில் ராஜாராம் டிவி பெட்டியின் அடாப்டரைச் செருகிவிட்டார். இதில் ப்ளஸ் வர வேண்டிய இடத்தில் அதில் மைனஸ். ஒரு இழை புகை எழுந்தது. பெடல் சாகவில்லை. எதிரொலிதான் முந்திக்கொண்டது.

"ப்ளஸ்ஸும் மைனஸும் மாறினா, முன்னும் பின்னும் மாறாதா?" என்றார் ராஜாராம்.

பஷீருதீன் பெடலை மாட்டி, மைக் முன்னால் கைதட்டினார். விசேஷமாக எதுவும் கேட்கவில்லை.

"எதிரொலி நீளத்தக் கூட்டுற குமிழு சைபர்ல கீது பாய். ஏத்து. ஏத்த ஏத்த ரொம்ப முன்னாடியே கேக்கும்."

"பெடல் நல்லாத்தான் கீது. உன்னத்தான் சர்வீசுக்கு வுடணும்," என்று பஷீருதீன் பிளக்கைப் பிடுங்கினார்.

ஞாயிறு மாலை நாலு மணி. கடற்கரை மணலில் பஷீருதீன் போட்ட மேடை. ஜோயல் வலது ஓரத்தில், இரும்பு விளக்குக் கோபுரத்தின் கீழே ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தான். பாட்டும் கிட்டாரும் அந்த ஒரே பெடல் வழியாகத்தான். பெடலைக் கொண்டுவந்து கொடுத்த ராஜாராம் பக்கத்திலேயே நிற்க, எதிரொலிக் குமிழைக் கடைசிவரை திருகினான்.

ஒருவரும் எதையும் தொடவில்லை. ஸ்பீக்கரிலிருந்து இரும்பு நெளியும் ஓசை வந்தது. நீளமாக, பல் கூசும்படி. அப்புறம் மரம் நொறுங்கியது. அப்புறம் "யம்மா" என்று ஜோயலின் குரல். அது பாதியில் அறுந்தது.

ஜோயலின் வாய் மூடியே இருந்தது.

ராஜாராமின் முகத்தில் எப்போதும் குடியிருக்கும் குறும்பு காணாமல் போனது. வீட்டில் சோதித்தபோது தும்மலுக்குக் கால் குமிழ், ஒரு மூச்சு நேரம். குக்கர் விசிலுக்கு அரைக் குமிழ், ஐந்து நிமிடம். முழுக் குமிழுக்கு எவ்வளவு? மேலே பார்த்தார். காற்றில் கோபுரத்தின் கயிறு முறுக்கேறிக் கொண்டிருந்தது.

"பாய், அவன அங்கேருந்து எழுப்பு."

"பழைய ரெக்கார்டு எதுனா உள்ள மாட்டிகினு கீதுப்பா. டவரு நானே கட்டனது. நாலு காலுக்கும் மணல் மூட்ட போட்டுக்கீறேன். ஆளுங்க வர்ற நேரத்துல பேஜாரு பண்ணாத."

"இது கழுகுக் கதையோட ரெண்டாம் பாகமா அங்கிள்?" என்று சிரித்தான் ஜோயல்.

வாழ்நாளெல்லாம் சேர்த்த புளுகு மொத்தமும் அந்த நொடியில் ராஜாராமின் கழுத்தைப் பிடித்தது. கையில் உண்மை இருக்கிறது, வாங்க ஆளில்லை.

"சரிப்பா. லைட்டு ஒயர் பக்கத்துல உக்காந்தா பெடல் கொய்ங்னும். இடப்பக்கம் போயிடு, சுத்தமா கேக்கும்."

"இத மொதல்லயே சொல்ல வேணாமா?" ஜோயல் ஸ்டூலை விட்டுவிட்டு, கிட்டாரையும் மைக்கையும் பெடலையும் தூக்கிக்கொண்டு போய் இடது ஓரத்தில் மேடையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவர் வாழ்க்கையிலேயே ஆகச் சிறிய பொய். மறுபேச்சில்லாமல் எடுபட்ட பொய்யும் அதுதான்.

முதல் பாட்டு பாதி ஓடியிருக்கும். கோபுர உச்சியிலிருந்த காக்கை விருட்டென்று பறந்தது. ஏற்கெனவே கேட்ட அதே ஓசை, அதே நீளத்தில் தொடங்கியது. கோபுரம் குனிந்து, வலது ஓரத்தில் கிடந்த காலி ஸ்டூலைத் தூளாக்கியது. "யம்மா" என்று ஜோயல் துள்ளி எழ, ராஜாராம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். குரல் பாதியில் அறுந்தது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஓடி வந்த பஷீருதீன் நொறுங்கிய ஸ்டூலைப் பார்த்தார். மைக்குக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராஜாராம் குமிழைக் கால்வாசிக்கு இறக்கினார்.

"நடந்துது அண்ணாத்த. நீ சொன்னது அத்தினியும் நெசம்."

பஷீருதீனின் குரல்தான். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். ராஜாராமைப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டு, அதே சொற்களை, அதே நடுக்கத்தோடு, வாய் திறந்து சொன்னார்.