சாம்பல் திரையில் தெரிந்தது

நைரோபியின் லுத்துலி தெருவில், பழைய கணினித் திரைகள் விற்கும் அந்தக் கடை மூன்றாம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததுமே முகேனிக்குக் குமட்டியது. உருளைக்கிழங்கு பொரித்த பழைய எண்ணெயின் வாடை சுவரெல்லாம் ஏறியிருந்தது. கடைக்காரரான கிச்சோஹி, தின்றுகொண்டிருந்த விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு, அதே கையால் அவளுடைய கையைப் பற்றிக் குலுக்கினார். அந்தப் பிசுபிசுப்பு போகாமல் விரலிடுக்கில் தங்கிவிட்டது.

முகேனி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் பணிபுரிகிறவள். உமோஜா குடியிருப்பில் ஒற்றை அறை, அதில் ஒரே மேசை, மேசையில் ஒரு திரைக்கு மட்டுமே இடம். மாலைகளில் கணினியில் சுடும் ஆட்டம், சனிக்கிழமைகளில் கன்சோல் என்னும் விளையாட்டுப் பெட்டியில் இரட்டையர் கால்பந்துப் போட்டி என்று அவள் ஆடிவந்தமையால், இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் திரையாக அது இருந்தாக வேண்டும். பதினொரு மாதம் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. தவறாகத் தேர்ந்துவிட்டால் இன்னொரு பதினொரு மாதம் காத்திருக்க நேரும்.

அவளை அங்கே அழைத்து வந்தவன் மகோகா, இரட்டையர் ஆட்டத்தில் அவளுடைய கூட்டாளி. பேருந்து நிறுத்தத்தருகே அவன் கல்லாவில் அமர்ந்திருந்த பந்தயக் கடை இரண்டு மாதங்களுக்கு முன் மூடப்பட்டதிலிருந்து வேலை தேடிக்கொண்டிருந்தான். லுத்துலியில் தனக்கு ஓர் ஆள் இருப்பதாக அவன் சொன்னபோது முகேனியால் மறுக்க முடியவில்லை. நைரோபியில் ஆட்டிறைச்சிக்கு ஓர் ஆள், டயருக்கு ஓர் ஆள் என்று ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆள் மூலமாக வந்துவிட்டுப் பொருளைச் சோதிப்பது, அழைத்து வந்தவனின் முகத்தில் உமிழ்வதற்குச் சமம். அதை நன்கு அறிந்திருந்தும் அவள் தன் கன்சோலைத் துணியில் சுற்றிப் பையில் எடுத்து வந்திருந்தாள்.

கிச்சோஹி ஒரு திரையை முன்னால் நகர்த்தினார். நூற்று நாற்பத்து நான்கு என்ற எண் பொறித்த பளபளப்பான ஒட்டுத்தாள் அதன் மூலையில் இருந்தது. நொடிக்கு அத்தனை படம் காட்டும் என்பது பொருள். திரையில், அந்தத் தெருவின் எல்லாக் கடைகளிலும் நீந்துகிற அதே வண்ண மீன்கள் நீந்தின.

"சிஸ்டர், இது லண்டன்ல ஒரு பாதிரியார் வீட்டு சாமான். ஞாயித்துக்கிழமை பிரசங்கம் மட்டும்தான் இதுல பாத்திருக்கார்."

மீன்களை நிறுத்திவிட்டு, கறை இருந்தால் தெரியும்படி வெறும் சாம்பல் நிறத்தைக் காட்ட இயலுமா என்று அவள் பணிவாகவே கேட்டாள். கிச்சோஹிக்கு முகம் சுருங்கியது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணை அழுதுகாட்டச் சொல்வீர்களா என்று கேட்டார். மகோகா அவள் காதருகே குனிந்தான்.

"என் ஆள் முன்னால என் மானத்த வாங்காத, முகேனி."

அவளுடைய கை பணப்பையை நோக்கி நகர்ந்ததும் உண்மை. அந்நேரம் கிச்சோஹி, திரையில் ஒட்டியிருந்த ஈயின் எச்சத்தைக் கண்டு, கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். மீன்களின் மேல் எச்சில் கோடு ஒன்று மின்னியது. இதையா மேசையில் வைத்து நாள்தோறும் பார்க்கப்போகிறோம் என்று எண்ணிய கணத்தில் அவளுக்கு மரியாதையெல்லாம் விட்டுப்போயிற்று. கன்சோலை எடுத்து இணைத்தாள்.

கன்சோலின் அமைப்புப் பக்கத்தில் அறுபது என்று வந்தது. ஒட்டுத்தாளில் இருந்த எண் கணினியின் இணைப்புக்கு மட்டும் உரியது, கன்சோலின் இணைப்புக்கு அறுபதுக்கு மேல் வராது.

"அறுபது பத்தாதா சிஸ்டர்? உங்களுக்கு இருக்கிறதே ரெண்டு கண்ணுதான?"

அவள் ஆட்டத்தைத் தொடங்கினாள். ஆட்டம் திறக்கும்முன் திரை சில நொடிகள் சாம்பலாக நின்றது. அந்தச் சாம்பலில், குளியலறைச் சுவரில் படிந்த அழுக்கைப்போல, கட்டங்கள் தெரிந்தன. வரிசை வரிசையாக எண்கள். மேல் மூலையில் கிரீடம் அணிந்த ஒரு காண்டாமிருகம். ஆண்டுக்கணக்கில் அணைக்கப்படாமல் ஒரே படத்தைக் காட்டிய திரையில் ஏறிய கறை அது. மகோகாவின் தலைக்குப் பின்னால், பந்தயக் கடைச் சுவரில் தொங்கிய திரைகளில், அந்தக் காண்டாமிருகத்தை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

"பாதிரியாருக்குப் பந்தயப் பழக்கம் வேற இருந்துச்சா, மகோகா?"

அவன் தரையைப் பார்த்தவாறே பேசினான். பந்தயக் கடையை மூடியபோது கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக ஆறு திரைகளைக் கொடுத்தார்களாம், அவற்றை விற்றுத்தரக் கிச்சோஹியிடம் வைத்தானாம். நான்கைத் தங்கள் சனிக்கிழமைப் போட்டியில் ஆடுகிறவர்களே வாங்கிக்கொண்டார்களாம், ஒருவரும் குறை சொல்லவில்லையாம். சொல்லி முடித்தபின், அதுவே பெரிய நியாயம் என்பதைப்போல நிமிர்ந்தான்.

"உனக்குன்னு இருக்கிறதுல நல்லதா ஒண்ண எடுத்து வச்சேன்."

கிச்சோஹியின் எச்சிலைக்கூட அவளால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும். இந்தச் சொல்லை முடியவில்லை. இணைப்புக் கம்பியைப் பிடுங்கி, அதன் முனையைக் கைக்குட்டையால் துடைத்து, கன்சோலை மீண்டும் துணியில் சுற்றினாள்.

"சனிக்கிழமை ஆட்டம்?" என்றான் மகோகா.

"உன் ஆளோட ஆடு."

முதல் மாடியில், அவள் இதுவரை கால்வைத்திராத ஒரு கடை இருந்தது. அங்கேயும் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. யார் அனுப்பினார்கள் என்று கடைக்காரப் பெண் வழக்கப்படி கேட்டாள். யாரும் அனுப்பவில்லை என்றாள் முகேனி. அந்தப் பெண் அவளைச் சற்று விநோதமாகப் பார்த்தாள்.

முகேனி கன்சோலை மேடைமீது வைத்தாள். திரையைக் கேட்பதற்குமுன், கை கழுவச் சிறிது தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள்.