பாலத்துக்கு இந்தப் பக்கம்

துறைமுக வாசலில், நிலக்கரித் தூசி படிந்து கறுத்துப்போன வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பின் சீட்டில் சுருண்டு படுத்திருந்தான் வேல்ராஜ். யாரோ கம்பியைத் தட்டினார்கள். எழுந்து பார்த்தால் ஒரு வெளிநாட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது, குட்டையான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை, தோளில் நீலப் பை. கப்பலில் வேலை பார்க்கிறவர் என்று நடையிலேயே தெரிந்தது.

“வேர் சார்? சர்ச்சா? மக்ரூன் கடையா?”

“சாம்பல்மேடு” என்றார் அவர், ஒவ்வோர் எழுத்தாக மென்று.

வேல்ராஜுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. “நோ சார், நோ. சாம்பல்மேடு டேஞ்சர். ஃபுல் ரவுடி. நைஃப்!” என்று கழுத்தின் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினான்.

அவர் சிரித்தார். “மை பிரண்ட் ஹவுஸ். அம்புரோஸ். ஹிஸ் மதர். லஞ்ச்” என்று சொல்லி, வாயில் சோறு வைப்பதுபோல் கையைக் குவித்தார்.

அவர் பெயர் டனிலோ. பிலிப்பைன்ஸ்காரர். சாம்பல்மேட்டு அம்புரோஸும் அவரும் முன்பு ஒரே கப்பலில் சமையல்கட்டில் இருந்தவர்கள். இப்போது அம்புரோஸ் எங்கோ வேறு கடலில். ‘உன் கப்பல் எங்க ஊருக்குத்தான் போகுது. எங்கம்மா கையால மீன்குழம்பு சாப்பிடாம ஊரை விட்டுப் போயிராத’ என்று போனில் சொல்லியிருந்தான். கப்பலில் மற்றவர்களிடம் எல்லாம் தன் வீடு ராஜகனி நகர் என்று சொல்லிவந்தவன், டனிலோவிடம் மட்டும்தான் உண்மையான பெயரைச் சொல்லியிருந்தான்.

“ஏறும்வே. விதியை யாரு தடுக்க?” என்று வண்டியைக் கிளப்பினான் வேல்ராஜ்.

சாம்பல்மேட்டுக்கு முன்னால் ஓர் ஓடை. ஓடைமேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டும் ஆறுமுகத்தாயின் டீக்கடையும். எந்த ஆட்டோவும் பாலத்தைத் தாண்டாது. அது ஸ்டாண்டில் எழுதாத சட்டம். எப்போதோ ஒரு காலத்தில் அங்கே ஒரு குத்து விழுந்ததாம். யாரை, யார், எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதை வளர்ந்தது, பாலத்தைத் தாண்டும் வண்டிதான் இல்லாமல் போயிற்று.

அந்தப் பக்கத்துச் சனங்களும் ஒரு வழக்கத்தைப் பழகிக்கொண்டார்கள். வேலை கேட்டுப் போனாலும், பெண் பார்க்க வருகிறவர்களிடம் பேசினாலும், கேஸ் சிலிண்டருக்குச் சொன்னாலும், ‘ராஜகனி நகர், தண்ணித் தொட்டி பக்கம்’ என்பார்கள். ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருக்கிற நல்ல தெரு அது. பார்சல் வருகிற நேரத்தில் அங்கே ஓடிப்போய், அங்கேயே குடியிருப்பவர்கள் மாதிரி நின்று வாங்கிக்கொள்வார்கள். சொந்தத் தெருவின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே நாக்கு மறந்துபோயிருந்தது.

பாலத்தடியில் டனிலோவை இறக்கிவிட்டான் வேல்ராஜ். “கோ சார். ஐ வெயிட்டிங். கமிங் லிவிங்... வெரி குட்!”

டனிலோ கையசைத்துவிட்டு வெயிலில் நடந்து போனார்.

“ஏலே, எவனைலே அங்கன அனுப்பிவிட்ட? சீனாக்காரனா?” என்றான் ஸ்டாண்டில் இருந்த முத்துச்செல்வம்.

“எவனோ. திரும்பி வரும்போது பை இருக்காது பாரு.”

“பையா? ஜட்டி மிஞ்சுனா சரிதான்!”

எல்லோரும் சிரித்தார்கள். டீயை ஆற்றிக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. “ஏ வேலு, நீ என்னைக்காவது அந்தப் பாலத்தைத் தாண்டிருக்கியா?”

“நான் ஏன்த்தா தாண்டணும்? கழுத்து வேண்டாமா?”

“தாண்டாமலே இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்க. தாண்டியிருந்தா என்னெல்லாம் சொல்லுவியோ.”

பாலத்துக்கு அந்தப் பக்கம், அம்புரோஸின் தாய் இசபெல்லா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். “வாங்கய்யா, வாங்க. ஏளா ஜெமிமா, அவரு வந்துட்டாரு!”

மருமகள் ஜெமிமா பெரிய கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவள். அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். அவளுக்குக் கடையில் பழகின இங்கிலீஷ் கொஞ்சம் வரும். “வெல்கம் சார். சிட் சார். ஃபேன் ஸ்லோ, சாரி சார்.”

பக்கத்து வீட்டுச் செந்தூர்பாண்டி மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை பார்க்கிறவர். அவர் முற்றத்தில் குந்தி, பெரிய பாறை மீனைச் செதில் உரித்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். கை இரண்டும், மடித்துக்கட்டிய கைலியும் மீன் ரத்தம்.

“அய்யாவுக்குத் தலை வேணுமா, வால் வேணுமான்னு கேளு தாயி.”

ஜெமிமா கேட்டாள். டனிலோ தன் தலையைத் தொட்டுக் காட்டினார். “பாத்தியா, கடல்ல கிடக்கவனுக்கு ருசி தெரியுது!” என்றார் செந்தூர்பாண்டி.

டனிலோ பையைத் திறந்து சோப்பும் சாக்லேட்டும் எடுத்து வைத்தார். இசபெல்லா அதைத் தொடக்கூட இல்லை. “எம் பிள்ளை நல்லா இருக்கானான்னு கேளு. இளைச்சுட்டானான்னு கேளு. மாதா கோவிலுக்குப் போறானான்னு கேளு” என்று மருமகளைப் பிய்த்து எடுத்தாள். எல்லாவற்றுக்கும் டனிலோ “யெஸ், மாமா, யெஸ்” என்றார், அம்மா என்கிற அர்த்தத்தில். “மாமாவா? நான் உனக்கு மாமனாய்யா!” என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இலை போட்டாள். சோறு வைத்தாள். முதல் கவளத்தை டனிலோ உருட்டினார். அது வாய்க்குப் போகவில்லை. இடது கை தானாக நெஞ்சுக்குப் போனது. முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துவிட்டது.

“மாதாவே! என்னய்யா செய்யுது?”

ஜெமிமா ஓடிவந்து அவரைச் சுவரில் சாய்த்து, சட்டைப் பொத்தானைப் பிய்த்துத் திறந்து ஈரத்துணியால் துடைத்தாள். “மாரடைப்பு மாதிரி இருக்கு அத்தை. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்...” ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

“எந்த இடம்மா?”

“ராஜகனி நகர், தண்ணித் தொட்டி பக்கம். சீக்கிரம் வாங்க அண்ணாச்சி, உயிர் போற மாதிரி இருக்கு!”

நினைத்துச் சொன்னதில்லை. எத்தனையோ வருசமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய், தானாகச் சொல்லிவிட்டது.

ஆம்புலன்ஸ் தாமதிக்கவில்லை. சைரன் சத்தம் இவர்கள் காதிலும் விழுந்தது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. போன் அடித்தது.

“தண்ணித் தொட்டிகிட்ட நிக்கோம்மா. எந்த வீடு? இங்கன யாருமே இல்லையே.”

ஜெமிமா தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ... அங்கன இல்ல அண்ணாச்சி. சாம்பல்மேடு. சாம்பல்மேடு!”

“ஏம்மா, முதல்லயே சொல்லக்கூடாதா? ரயில்வே கேட்டைப் பூட்டிட்டான். கூட்ஸ் வண்டி போகணும். பாலத்துப் பக்கம் தூக்கிட்டு வாங்க, சுத்தி வாரோம்.”

செந்தூர்பாண்டி யோசிக்கவில்லை. மீன் ஏற்றுகிற தள்ளுவண்டியில் தண்ணீரை ஊற்றி அலசி, டனிலோவைத் தூக்கிக் கிடத்தினார். நீலப் பையை இசபெல்லா எடுத்து நீட்டினாள். “பாஸ்போட்டு எல்லாம் அதுலதான் இருக்கும். கவனமா கொண்டுபோப்பா.” அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். ஜெமிமா பக்கத்தில் ஓடினாள். கால் இடறி, செருப்பு அறுந்து பின்தங்கினாள்.

“போங்க அண்ணாச்சி, நிக்காதீய! பாலத்துக்கிட்ட ஆட்டோ நிக்கும்!”

பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் கண்டது இதுதான். கை நிறைய ரத்தத்தோடு ஒருவன் ஓடிவருகிறான். அவன் தோளில் வெளிநாட்டுக்காரரின் பை. மீன் வண்டியில் வெளிநாட்டுக்காரர், சட்டை பிய்ந்து கிடக்கிறார். பின்னால் ஒரு பெண் அலறிக்கொண்டு வருகிறாள்.

“ஏலே, குத்திட்டானுவலே! நான் சொல்லல?” என்று கத்தினான் வேல்ராஜ். அந்தக் குரலில் பயம் இருந்தது. தன் வாக்குப் பலித்த பெருமையும் கொஞ்சம் இருந்தது.

“அண்ணாச்சி, ஆட்டோ எடுங்க! ஆஸ்பத்திரிக்கு...” என்று செந்தூர்பாண்டி வாயெடுப்பதற்குள் முத்துச்செல்வம் அவர் முடியைப் பிடித்துவிட்டான். வேல்ராஜ் சீட்டுக்கடியில் இருந்த வீல் ஸ்பேனரை எடுத்து, பையைப் பிடித்திருந்த வலது கையில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் டீக்கடை வரை கேட்டது.

“மீன் ரத்தம்யா! அது மீன் ரத்தம்!”

“மீனா? மனுசனை அறுத்துட்டு மீனுங்கியா?”

நாலு பேர் மிதித்தார்கள். பத்துப் பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். வண்டியில் கிடந்த டனிலோ கையை உயர்த்தினார். “நோ... பிரண்ட்... குட் பீப்பிள்...” என்றார். பக்கத்தில் நின்ற ஒருவன், “ஹெல்ப்புங்கான் பாரு, பாவம்” என்று சொல்லிப் படத்தை அவர் முகத்துக்குத் திருப்பினான். ஒருவனுக்கும் அவரைத் தூக்கி ஆட்டோவில் வைக்கத் தோன்றவில்லை. “தொடாதலே, போலீஸ் கேஸு” என்றான் முத்துச்செல்வம்.

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த ஜெமிமா ஒவ்வொருவன் சட்டையாகப் பிடித்து இழுத்தாள். “அவருக்கு மாரடைப்பு! யாரும் குத்தல! வயித்தைப் பாருங்க, காயம் இருக்கா பாருங்க!”

யாரும் பார்க்கவில்லை. பார்த்தது ஆறுமுகத்தாய் ஒருத்திதான். அடுப்பை விட்டு ஓடிவந்து டனிலோவின் உடம்பைத் தடவினாள். “ஏலே பாவிகளா, ஒரு கீறல் இல்லலே இவரு மேல!”

அப்போதுதான் ஆம்புலன்ஸ் வந்தது. கூட்டத்துக்குள் புக முடியாமல் பாலத்தடியில் நின்று கதறியது. உள்ளே வந்த நர்ஸ் நாடி பார்த்தாள்; கண்ணைத் திறந்து பார்த்தாள்; கையை எடுத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் முந்தியிருந்தா...” என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

போலீஸ் வந்து, முறிந்த கையோடு செந்தூர்பாண்டியைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றியது. ‘சாம்பல்மேட்டில் வெளிநாட்டு மாலுமி மீது கொடூரத் தாக்குதல்’ என்று சாயங்காலத்துக்குள் வீடியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்து, மாரடைப்புத்தான் என்று ஆன பிறகு அவரை விட்டார்கள்; அவரை அடித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை யாரும் பகிரவில்லை. செந்தூர்பாண்டியின் கை கோணலாகக் கூடியது. இனி கத்தி பிடிக்க வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசாரணையில் ஜெமிமாவின் உண்மையான விலாசம் வெளிவந்தது; ஜவுளிக்கடை முதலாளி, “நாளையிலிருந்து வரவேண்டாம்மா, கஸ்டமர் பயப்படுவாங்க” என்று கனிவாகச் சொல்லி அனுப்பினார். டனிலோ சீல் வைத்த பெட்டியில் ஊருக்குப் போனார்.

ஒருநாள் காலையில் வேல்ராஜ் ஆட்டோவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி நடந்தான். மன்னிப்புக் கேட்பதா, பார்த்துவிட்டு வருவதா என்று அவனுக்கே தெரியவில்லை. தெருவில் குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒரு வீட்டில் டியூஷன் போர்டு தொங்கியது. யாரும் அவனை நிறுத்தவில்லை. செந்தூர்பாண்டி வீட்டு முற்றத்தில் அவர் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத கை, விரலெல்லாம் துணிக்கட்டு. செந்தூர்பாண்டி அவனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வீட்டு வாசலில் இசபெல்லா இருந்தாள். அவள் காலடியில் போய் நின்றான்.

“ஆச்சி, தெரியாம நடந்துபோச்சு.”

“தெரியாமதான்” என்றாள் அவள். “தெரிஞ்சுக்கிட நீங்க என்னைக்கு இங்கன வந்திய?”

“மன்னிச்சிருங்க ஆச்சி.”

“நான் யாரு மன்னிக்க? இலையில சோத்தோட எந்திரிச்சுப் போனவன்கிட்டப் போய்க் கேளு. எம் பிள்ளை போன்ல அழுதான். ‘அம்மா, உண்மைப் பேரை நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்’ன்னு அழுதான். அவனுக்கு நீ என்ன பதில் சொல்லுவ?”

உள்ளேயிருந்து ஜெமிமா வந்தாள். கோபமாகப் பேசவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“அண்ணாச்சி, உங்களை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல. நீங்க எங்க தெருவுக்குக் கெட்ட பேரு வச்சீய. நாங்க அதுக்குப் பயந்து எங்க பேரை ஒளிச்சோம். ரெண்டும் சேந்துதான் அவரைக் கொன்னுச்சு. நான் இனிமே ஒளிக்கப் போறதில்ல. வேலை கிடைக்காட்டியும் சாம்பல்மேடுன்னுதான் சொல்லுவேன். நீங்க உங்க பங்குக்கு என்ன செய்வீயளோ, செய்ங்க. போங்க.”

தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. அவன் திரும்பி நடந்தான்.

ஸ்டாண்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்கு முத்துச்செல்வம் அந்தப் பழைய வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தான். பாலத்தில் வேல்ராஜைக் கண்டதும் கையைத் தட்டினான். “ஏலே, உயிரோட வந்துட்டியாலே! பை இருக்கா? ஜட்டி இருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். வேல்ராஜ் முன்பு சொல்லிக் கொடுத்த சிரிப்புத்தான்.

வேல்ராஜ் போனைப் பிடுங்கினான். அதில் அவன் கையும் ஸ்பேனரும் ஓங்கி நின்றன.

“உயிரோடதான் வந்திருக்கேன். அந்தப் பிலிப்பைன்ஸ்காரனும் பாலத்தைத் தாண்டி இங்கன வரும்போது உயிரோடதாம்லே வந்தான். அவன் செத்தது பாலத்துக்கு இந்தப் பக்கம், நம்ம காலடியில. நல்லா கேட்டுக்கோங்க. காலடி எடுத்து வைக்காத தெருவைப் பத்தி வாய்க்கு வந்ததைச் சொன்னா, அந்த வாய்தாம்லே கத்தி. அது குத்தினா காயம்கூடத் தெரியாது. ஆள் மட்டும் செத்துருவான்.”

போனை முத்துச்செல்வத்தின் கையிலேயே திணித்தான். ஆறுமுகத்தாய் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். வேல்ராஜ் ஆட்டோவைக் கிளப்பி, முன்சக்கரத்தைப் பாலத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினான்.

அன்றைக்கு முழுவதும் அங்கேயே நின்றான். சாம்பல்மேட்டுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவரும் அவன் வண்டியில் ஏறவில்லை.