ஏழாம் எண் பை

ஜாவாவில் கிளாத்தென் ஊரின் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஒரே துப்புரவுப் பணியாளர் துமினி. நோய்க்கழிவு மஞ்சள் பையில், சாதாரணக் குப்பை கறுப்புப் பையில். கட்டிய மஞ்சள் பையை எவர் வந்து கேட்டாலும் திறக்கக் கூடாது.

நஞ்சுக்கொடிக்கு மட்டும் விலக்கு. கறுப்புப் பையில் போட்டு, பெயர் எழுதி, ஓரமாக வைத்துவிடுவார்கள். அதைப் பிள்ளையின் தம்பி என்பது ஊர் வழக்கம்; அப்பன் வந்து வாங்கிப்போய் வீட்டு வாசலில் புதைப்பான். அன்று காலை கறுப்புப் பை தீர்ந்துபோக, நர்ஸ் மஞ்சள் பையில் போட்டு வைத்தாள். துமினி சான்றிதழுக்கு மரியாதை கொடுத்து அதையும் பெரிய மஞ்சள் பைக்குள் திணித்து இறுகக் கட்டினாள்.

ஒன்பது மணிக்கு பர்யந்தோ புது மண்சட்டியோடு வந்தான். சட்டிக்குள், கூடப் புதைக்க உப்பு, ஊசி, நூல், பையன் நன்றாகப் படிக்க ஒரு பென்சில்.

"அம்மா, எம்பையனோட தம்பியை வாங்கிட்டுப் போக வந்தேன்."

துமினி பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வாங்க அண்ணே. தம்பி லாரி ஏறப் போறாரு."

பின்கட்டில், எரிப்பதற்குக் கொண்டுபோகும் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பதினோரு பைகள். ஏழாவதில் 'பிரசவ அறை' என்று அவளே எழுதியிருந்தாள். பக்கத்தில் பயிற்சி கொடுத்த மேற்பார்வையாளர் ஹர்ஜோனோ.

"ஐயா, ஏழாம் பையைத் திறக்கணும்."

"மூணு நாளா என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"திறந்தா வேலை போயிடும்னு."

"அப்புறம்?"

"அவரு சட்டியோட நிக்கிறாரு ஐயா. பென்சிலைக்கூடச் சீவி வச்சிருக்காரு."

ஹர்ஜோனோ திரும்பிப் பார்த்தார். பர்யந்தோ சட்டியைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு நின்றான். துமினி முடிச்சில் கை வைத்தாள்.

"கையை எடு. பை கிழிஞ்சிருந்தா என்ன செய்யணும்?"

"கையுறை போட்டு எல்லாத்தையும் வேற பைக்கு மாத்தணும்."

ஹர்ஜோனோ சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, அவசரமில்லாமல், ஏழாம் பையின் வயிற்றில் குத்தி இழுத்தார்.

"அடடா, கிழிஞ்சுபோச்சே" என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "பேனாவையும் உள்ளே போடு. இப்ப அதுவும் நோய்க்கழிவுதான்."

துமினி கையுறை போட்டு மாற்றும்போது தம்பி கிடைத்தான். பர்யந்தோ சட்டியை இரண்டு கைகளாலும் நீட்டி வாங்கிக்கொண்டான். கண்ணைத் துடைக்கக் கை மிச்சமில்லை.

பதிவேட்டில் காரணம் எழுதவேண்டும். ஹர்ஜோனோ சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, அந்தப் பென்சிலைக் கொஞ்சம் தாங்க."

'பை தானாகக் கிழிந்தது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பர்யந்தோ அதை எட்டிப் படித்துவிட்டுப் பென்சிலைச் சட்டிக்குள் பத்திரமாக வைத்தான்.

"பையன் கவர்மெண்ட் வேலைக்குத்தான் போவான்போல" என்றான்.